எந்த மாவட்டத்து நெல்

வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. அங்கே நடந்த விவசாயக் கண்காட்சிக்கு பக்கத்துக் குடியேற்றமான அக்கராயனிலிருந்து விமலேஸ்வரி நெற்கதிர்க் கட்டொன்று கொண்டுபோயிருந்தாள். காடு வெட்டி வயலாக்கிய முதல் வருடமே அவளுடைய புருஷன் மலேரியாவில் செத்துப்போனான். அவள் சொந்த ஊர் திரும்பாமல் தனியே விதைத்தாள்.

பொருளாதார வரலாறு எழுதும் விரிவுரையாளர் கதிர்காமநாதன் மேடையில் பேசினார். அக்கராயன் நெல் யாழ்ப்பாண மாவட்டத்தின் சாதனை என்றார். பிறகு, வன்னி எப்போதுமே காய்ச்சல் பிடித்த வறிய மண் என்று சொல்லி, அக்கராயனில் செத்தவர்களையே அதற்கு உதாரணம் காட்டினார்.

விமலேஸ்வரி எழும்பினாள். "எங்கட நெல் யாழ்ப்பாணம், எங்கட சாவு மட்டும் வன்னியோ ஐயா?"

"மாவட்ட எல்லை அப்பிடித்தான் கீறியிருக்கு, தங்கச்சி."

"அப்ப செத்த ஆக்களுக்கு ஏன் அந்த எல்லை இல்லை?"

அவர் பேச்சைத் தொடர்ந்தார். அவள் மேசையிலிருந்த தன் கதிர்க்கட்டைத் தூக்கினாள். கண்காட்சிப் பொறுப்பாளர் மறித்தார். "பரிசு உங்களுக்குத்தான், இருங்கோ."

"யாழ்ப்பாண மாவட்டத்துக்குத்தானே பரிசு. அவரிட்டயே குடுங்கோ," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த வருடம் அவருடைய புத்தகம் வந்தது. மேடையில் சொன்னதில் ஒரு வரிகூட அதில் மாறவில்லை. விமலேஸ்வரி அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் நெல் கொடுக்கவில்லை.