சுப்பாத்தாளின் அட்டிகை

சித்தூர்ச் சந்தைத் தெருவில் பட்டறை வைத்திருந்த மாரப்ப ஆசாரி புது வெள்ளி வாங்குவதில்லை. கிழவிகளின் தண்டை, அறுந்த அரைஞாண், பிள்ளை வளர்ந்ததும் கழற்றிய கொலுசு என்று பழையதை எடைக்கு வாங்கி, உருக்கி, அளவாகச் செம்பு சேர்த்து, கம்பியாக இழுத்துக் கழுத்துக்கு நகை செய்வான். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட அவன் மனைவி ராசம்மாள் வீசவிடமாட்டாள். பானையில் சேர்த்துவைத்துத் தண்ணீரில் அலசி, அடியில் தங்கிய பொடியைத் துணியில் வடித்து எடுப்பாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாங்கிய பழைய வெள்ளி அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள், நெருப்பில் இறங்கிவிட வேண்டும். போட்டிருந்தவள் பட்ட பாடு நகையோடு ஒட்டிக்கொண்டு வரும், ஒரு ராத்திரி தங்கினால் வீட்டாரைப் பிடிக்கும் என்பார்கள். மாரப்பனுக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ராசம்மாளுக்கு முழு நம்பிக்கை. யாருடையது என்று தெரியாத ஒரு கொலுசு மழையால் உருக்கப்படாமல் வீட்டில் தங்கிய வாரத்தில்தான் அவளுக்குக் கரு கலைந்தது. அதன் பிறகு உலையை அவளே பார்த்துக்கொண்டாள்.

1974 ஆவணியில் கொழிஞ்சாம்பாறைச் சின்னையன் ஒரு அட்டிகை செய்யச் சொல்லியிருந்தார். நிலம் கொஞ்சம், பெண்கள் மூன்று. தாலியில் மட்டும் தங்கம், மற்றதெல்லாம் வெள்ளி என்பது அவரால் முடிந்த ஏற்பாடு. இரண்டாவது மகள் சுப்பாத்தாளை ஆனைகட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த பொங்கியண்ணனுக்குக் கொடுத்திருந்தார். தை மாதத்தில் அவள் காணாமல் போனாள். போட்டிருந்த நகையெல்லாவற்றோடும் ஒரு லாரிக்காரனுடன் சூரியநெல்லி எஸ்டேட்டுக்கு ஓடிவிட்டாள் என்று பொங்கியண்ணன் பஞ்சாயத்தில் சொன்னான். சொல்லும்போது அழுதான். சின்னையன் தலைகுனிந்தார். பஞ்சாயத்து சுப்பாத்தாளோடு இருந்த உறவை அறுத்துவிட்டது. குடும்பத்துக்கு வந்த பழியைத் துடைக்க, கடைசி மகள் சின்னத்தாயியை அதே பொங்கியண்ணனுக்குக் கட்டிக்கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். இப்போது செய்யச் சொன்ன அட்டிகை அவளுக்குத்தான். கல்யாணம் வருகிற புதன்கிழமை.

மூத்தவள் செல்லாத்தாள் மட்டும் பொங்கியண்ணன் சொன்னதை நம்பவில்லை. வண்ணாமடையிலிருந்து புருஷனோடு கிளம்பி, சூரியநெல்லிக்கு ஏறி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாக விசாரித்தாள். தேயிலைக் கொழுந்து கிள்ளும் சாந்தம்மாள் என்ற பெண் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு அலைந்தாள். சுப்பாத்தாளை அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை. திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னபோது சின்னையன் கேட்டது ஒன்றுதான்.

"அவ நகையோட போகலேன்னு கையில ஒண்ணக் காட்டு. கல்யாணத்த நிறுத்தறேன்."

இதைச் செல்லாத்தாள் மாரப்பனிடமும் சொல்லியிருந்தாள். சுப்பாத்தாளின் அட்டிகையைச் செய்தவன் அவன்தான்.

சந்தை நாளன்று காலை குப்பண்ணன் வந்தான். மலையடிவார ஊர்களில் சுற்றிப் பழைய வெள்ளி வாங்கி வருபவன். ஒவ்வொரு வீட்டு வெள்ளியையும் தனித்தனி முடிச்சாகக் கட்டி வைத்திருப்பான். எடை போட்டுக் காசு வாங்கியதும் காப்பிக்கு உட்கார்ந்தான்.

"உங்க கையில வுழுந்தா கெழவி காலுல கெடந்தது கொமரி கழுத்துக்குப் போயிருதுங்க. செத்தவ நகைன்னு எவ கண்டா?" என்று சிரித்தான்.

மாரப்பன் முடிச்சுகளை அவிழ்த்துப் பலகையில் பிரித்துப் போட்டான். மூன்றாவது முடிச்சில் ஒரு தண்டையும், கத்திரியால் வெட்டிய துண்டுகளும் இருந்தன. துண்டுகளில் தன் கைவேலையைக் கண்டான். கையோடு அவற்றை வரிசையாக வைத்தான். சிறுவயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டியதில் சுப்பாத்தாளின் பிடரியில் தழும்பு இருந்தது. கொக்கி அங்கே உரசும் என்பதால் அவளுக்கு மட்டும் கொக்கியை இடது பக்கவாட்டில், காறையெலும்புக்கு மேலே வரும்படி வைத்திருந்தான். பலகையில் துண்டுகள் வளையமாகச் சேர்ந்தபோது கொக்கி இடது பக்கத்தில் நின்றது. அப்படி வேறொரு அட்டிகையை அவன் செய்ததில்லை.

எந்த வீட்டு முடிச்சு இது என்று குரல் மாறாமல் கேட்டான். ஆனைகட்டிப் பொங்கியண்ணன் தோட்டத்தில் வாங்கியது, அம்மாவின் பழைய நகை என்று அவரே கொண்டுவந்து போட்டார் என்றான் குப்பண்ணன். துண்டுகளை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாரப்பன் பலகைமேல் ஒரு துணியைப் போட்டு மூடினான். ராசம்மாளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் குப்பண்ணன் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுவது மறுநாள் ஆனைகட்டியில் இருக்கும். வண்ணாமடை வரை போய்விட்டு வருவதாக மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

செல்லாத்தாள் கடலைக் காட்டில் இருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே புறப்பட்டாள். திரும்பும் பஸ் வழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிப் போனான். வெயில் சாய்ந்தது.

ராசம்மாள் வாசலுக்கும் பட்டறைக்குமாக நடந்தாள். புருஷன் மூடிவைத்துப் போனது உருக்குவதற்காகப் பிரித்ததுதான் என்று நினைத்தாள். துணியைத் தூக்கிப் பார்த்தபோது வளையமாக வைத்திருந்த துண்டுகள் அவள் கண்ணில் படத்தான் செய்தன. எடை சரிபார்க்க வைத்திருப்பார் என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் விளக்கைத் துடைக்கும் சத்தம் கேட்டதும் அவள் காத்திருக்கவில்லை. கரியைப் பற்றவைத்து, துருத்தியை மிதித்து, எல்லாவற்றையும் உருக்கும் மண்கிண்ணமான மூசையில் போட்டு வெண்காரம் தூவினாள். அவர்கள் இருவரும் உள்ளே வந்தபோது அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளிப் பாளம் இருந்தது.

மாரப்பன் கையை ஓங்கினான். செல்லாத்தாள் நடுவில் வந்து நின்றாள். பிறகு குனிந்து பாளத்தைத் தொட்டாள்.

"இன்னும் சூடு ஆறலீங்க" என்றாள்.

விஷயம் புரிந்ததும் ராசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் மாரப்பனும் செல்லாத்தாளும் சின்னையனைப் பார்க்கப் போனார்கள். பந்தல்கால் விஷயமாகப் பொங்கியண்ணனும் அங்கே வந்திருந்தான். மாரப்பன் பார்த்ததை அவன் முன்னாலேயே சொன்னான். பொங்கியண்ணன் கோபப்படவில்லை. வெள்ளி விற்றது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டான்.

"எங்கம்மா நகைங்க மாமா. கறுத்துப்போய்க் கெடந்துதுன்னு போட்டேன். ஆசாரி கொண்டாந்து காட்டட்டுங்க, நானும் பாக்கறேன்."

காட்ட ஒன்றுமில்லை. சின்னையன் அனுப்பிய ஆட்கள் குப்பண்ணனைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, துண்டு துண்டாகத்தான் வாங்கினேன், என்ன நகை என்று எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டானாம். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

 சின்னையன் மாரப்பனைப் பார்த்து, கொக்கி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். மாரப்பன் தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினான். சின்னையனின் வாய் லேசாகத் திறந்து மூடியது. அவர் நம்பிவிட்டார் என்பது செல்லாத்தாளுக்கும் தெரிந்தது, பொங்கியண்ணனுக்கும் தெரிந்தது. ஆனால் இப்போது கல்யாணத்தை நிறுத்தினால், ஒரு மகளை அவரே கொண்டுபோய் இவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் ஓடிப்போனாள் என்று இத்தனை மாதம் அவளைச் சபித்துக்கொண்டிருந்ததை ஊர்முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"வாக்குக் குடுத்தாச்சு" என்றார் சின்னையன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

பொங்கியண்ணன் மரியாதையாகப் படல் வரை வந்து மாரப்பனை வழியனுப்பினான்.

"அந்த வெள்ளியிலயே செஞ்சுருங்க ஆசாரி. ஊட்டு வெள்ளி ஊட்டுக்கே வந்த மாதிரி இருக்கும்."

செல்லாத்தாள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். ஆனைகட்டியில் மாநில எல்லை தோட்டத்துக்கு நடுவே ஓடுகிறது, எந்தப் பக்கத்து விஷயம் என்று முதலில் தெரிய வேண்டும் என்றார்கள். பொருள் ஏதாவது இருக்கிறதா என்று அவர்களும் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை செல்லாத்தாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கழுத்தளவு எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். சின்னத்தாயிக்குப் பதினெட்டு வயது. அக்கா எல்லாம் சொல்லியிருந்ததால் அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று ராசம்மாள் வாசலில் உட்காரவைத்து நிஜமாகவே நூல் வைத்து அளந்தாள். அளந்த நூலை வெட்டி ஆணியில் தொங்கவிட்டாள். பெண்ணின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க வேணும்னு செய்யலீங்க அக்கா" என்றாள் சின்னத்தாயி.

ராசம்மாள் தன் காதுத் தோட்டைக் கழற்றி அவள் முந்தானையில் முடிந்தாள். பின்வாசல் வழியாகப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு அனுப்பினாள். சூரியநெல்லியில் சாந்தம்மாள் வீட்டில் இருந்துகொண்டு ஏதாவது வேலை பார்ப்பது, ஊர் அடங்கியதும் யோசிப்பது என்று ஏற்பாடு. தங்கையை அங்கே விட்டுவிட்டுச் செல்லாத்தாள் திரும்பிவிடுவாள்.

மாலைக்குள் ஊர் பேசிவிட்டது. இளையவளும் எவனோடோ எஸ்டேட்டுக்கு ஓடிவிட்டாள், அக்கா போன வழி என்றது. சின்னையன் மறுக்கவில்லை. பந்தலைப் பிரிக்கச் சொன்னார்.

புதன்கிழமை முகூர்த்த நேரத்தில் பொங்கியண்ணன் பட்டறைக்கு வந்தான். புது வேட்டி கட்டியிருந்தான். பாளம் பலகையில் அப்படியே இருந்தது. மாரப்பன் அதில் ஒரு கம்பிகூட இழுத்திருக்கவில்லை. கல்யாணம் நின்றுவிட்டதே என்று ராசம்மாள் உள்ளிருந்து சொன்னாள்.

"நிக்கலீங்க. தள்ளிப் போயிருக்குது" என்றான் பொங்கியண்ணன்.

அவன் கண் ஆணியில் தொங்கிய நூலைக் கண்டது. யாருடைய அளவு என்று கேட்கவில்லை. எடுத்து இரண்டு விரலில் சுற்றிப் பார்த்தான். நீளம் போதுமா என்று பார்ப்பவன்போல விரித்துப் பிடித்தான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சூரியநெல்லிக்கு உடுமலை வழியாப் போனாச் சுருக்கமுங்களா, போடி வழியாங்களா?"

 செல்லாத்தாள் முன்பு மலையேறி விசாரித்ததும், சாந்தம்மாள் உதவியதும் கொழிஞ்சாம்பாறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் புருஷனே டீக்கடையில் சொல்லியிருக்கிறான். பொங்கியண்ணன் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

மாரப்பன் உமியோட்டு நெருப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தான். எங்கே என்று ராசம்மாள் கேட்கவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பஸ் கிளம்பும்போதுதான் அவனால் ஓடிப்போய்ப் பின்படியில் ஏற முடிந்தது. உள்ளே கூட்டம். நடு வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தான். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மடியிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தான்.

"வாங்க ஆசாரி, உக்காருங்க" என்றான். "தூரம் நெம்பப் போவோணும்."