முனியப்பனின் இரண்டு குழாய் ரத்தம்

பெங்களூரிலிருந்து வந்த ரிப்போர்ட்டை மேசையில் போட்டுவிட்டு, சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் ராஜப்பா லேப் டெக்னீஷியன் ஐடாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது யார் ரத்தம்மா?”

“முனியப்பனோடதுதான் டாக்டர். காலையில எட்டு மணிக்கு ஒண்ணு, சாயந்திரம் நாலு மணிக்கு ஒண்ணு. ரெண்டையும் நான்தான் எடுத்தேன்.”

“அப்போ எங்கியோ மாறிப் போயிருக்கு.”

முனியப்பன் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் தொழிலாளி. ஆறே மாதத்தில் முகம் உருண்டு வயிறு முன்தள்ளி, கைகால் மட்டும் குச்சியாகிப்போய் வார்டில் படுத்திருந்தான். உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு மிஞ்சிப்போனால் இப்படி ஆகும் என்பது டாக்டரின் கணிப்பு. ரிப்போர்ட்டோ, அது இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு என்றது.

பதினோரு வருஷமாக லேபில் ஒரு குறைச்சொல் கேட்காதவள் ஐடா. அவளுடைய சந்தேகம் முதலில் ஐஸ் ஃபிளாஸ்க்கை ரயிலில் கொண்டுபோன ஹரோல்ட் மேல் விழுந்தது.

“பங்காருபேட்டையில டீ குடிக்க எறங்கினியா? ஐஸ் கரைஞ்சிடுச்சா?”

“மாதா மேல சத்தியமா எறங்கலக்கா.”

அவள் நம்பவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து, குழாயில் தன் கையாலேயே பெயர் எழுதி ஒட்டினாள். கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, ஃபிளாஸ்க்கை மடியைவிட்டு இறக்காமல் பெங்களூர் போய்ச் சேர்ந்தாள். இந்த முறையும் அதே முடிவுதான் வந்தது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஐடாவுக்குச் சுருக்கென்றது.

“டாக்டர், கார்ட்டிசால் மாதிரியே ஒரு மருந்து வெளியேர்ந்து உள்ள போனா?”

அவர் நிமிர்ந்தார். “உடம்பு தானாச் சுரக்கறத நிறுத்திடும், டெஸ்ட்ல கம்மியாத்தான் காட்டும். ஆனா அவன் எந்த மருந்தும் சாப்பிடலைங்கறானே!”

ஐடா நேரே வார்டுக்குப் போனாள். அவளைக் கண்டதும் முனியப்பன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

“இன்னாம்மா, திரும்பவும் ரத்தமா? நெஞ்சுல கல்தூசி கீதான்னு பாத்து, வேலைக்கு அன்ஃபிட்னு எழுதி வூட்டுக்கு அனுப்பத்தானே?”

“இந்த ரத்தத்துல நெஞ்சு தெரியாதுண்ணா. இன்னா மாத்திரை துன்றீங்க, அத்தச் சொல்லுங்க.”

“ஒண்ணும் துன்னல.”

“நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் பொய் சொல்றோம். அது நான் இல்ல.”

கட்டிலருகே நின்ற அவன் மனைவி பழனியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காகிதப் பொட்டலத்தில் பொடிப்பொடி வெள்ளை மாத்திரைகள்.

“சந்தையில ஒருத்தன் தர்றான் தாயி. இத்தத் துன்னாத்தான் மூச்சு வாங்காம ஷிஃப்டுக்குப் போவாரு. எட்டு மாசமா...”

“அடியே!” என்று கத்தியவனுக்கு இருமல் வந்துவிட்டது.

டாக்டர் மாத்திரையைப் பார்த்ததும், அது கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு என்று புரிந்துகொண்டார். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சுத் தூசியும் தெரிந்தது. முனியப்பனைச் சுரங்கத்திலிருந்து ஏற்றி, மேலே சுரங்க விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கு அறையில் வேலை போட்டார்கள்.

ஐடா வலியப் போய் மன்னிப்புக் கேட்டும் ஹரோல்ட் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. ரத்தம் மாறிப்போச்சு என்று தான் சொன்ன பேச்சையே டாக்டர் எடுக்கவில்லை.

முனியப்பன் முகம் வற்றிப் பழையபடி ஆனது. ஆனால் மார்க்கெட்டில் ஐடா எதிர்ப்பட்டால் அவன் தெருவின் மறுபக்கம் போய்விடுவான்.

“மனசுல வெச்சுக்காத தாயி. நீதான் காட்டிக் குடுத்தேன்னு இன்னும் சொல்லிக்கினு கீறாரு” என்றாள் பழனியம்மா ஒருநாள், அவனுக்குப் பின்தங்கி நின்று.

“அவரு கண்ணு முன்னால நீங்கதானே பொட்டலத்தக் குடுத்தீங்க?”

“அத்த எப்படிம்மா அவராண்ட சொல்றது?” என்று சொல்லிவிட்டு, அவள் கணவன் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.