கழற்றிய கடிகாரம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய தச்சர் முதலில் செய்யச் சொன்ன வேலை, படுக்கையறைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுவதுதான். பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்று பேர். பலகையை விரல் மடக்கித் தட்டியே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு டிக் டிக் பொறுக்கவில்லை. மனைவி மறுபேச்சில்லாமல் ஸ்டூலில் ஏறிக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவள்! அப்போதே உறைத்திருக்க வேண்டாமா அந்த மனுஷனுக்கு?

இதய வால்வை மாற்றுவதற்காக நெஞ்செலும்பைப் பிளந்து, கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது. சோறு மண்ணாக இருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. இதெல்லாம் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். எலும்பு கூடியதும் உளியை எடுக்கலாம் என்ற ஒரே நினைப்பில் தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

அந்த உளிக்காகத்தானே அவ்வளவு யோசித்தது! டாக்டர் இரண்டு வகை சொல்லியிருந்தார். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. விரலில் உளி பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. விலங்குத் திசுவில் செய்ததென்றால் கொஞ்ச காலம் மாத்திரை போதும். ஆனால் ஒருநாள் தேய்ந்து, மறுபடி மாற்ற வேண்டிவரும். முடிவு சொல்லும் நேரத்தில் தச்சருக்கு மூச்சு இழுத்தது. மனைவியின் கையைப் பிடித்தார். "திசுதான். நீயே போய்ச் சொல்லிடு." அவள் தலையாட்டினாள்.

இப்போது கடிகாரம் போயும் சத்தம் போகவில்லை.

"பேட்டரியை உருவிடு," என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அப்பவே உருவிட்டேங்க."

இருமல் வந்தது. தலையணையை அணைத்தார். சத்தம் அமுங்கியது. எடுத்தார். டிக், டிக். மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தார். விரலும் காதும் ஒரே கணக்கைச் சொல்லின. திசு இப்படித் தட்டாது, உலோகம்தான் தட்டும். அடிப்பாவி!

அவள் கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நீங்களே உலோகம்தான்னு சொல்லிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இன்னொரு தடவை உங்க நெஞ்சைப் பொளக்குறப்ப வெளியில உட்கார்ந்திருக்க என்னால ஆகாதுங்க. உளி போனா போகட்டும், நீங்க இருக்கணும்."

"உளி இல்லாம நான்னு யாருடி இருக்கான்?" கத்தினால் எலும்பு தாங்காது. அதனால் மெதுவாகத்தான் சொன்னார். "மூச்சு முட்டுனப்ப உன் வாயை என் வாயா நம்புனேனே!"

அவள் அழுதாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரத்தைத் திரும்ப மாட்டு."

"சத்தம் ஆகாதுன்னீங்களே?"

"உள்ள கேக்குறது நீ சொன்ன பொய். அந்தச் சத்தத்துலயாவது இது அமுங்குதான்னு பாக்குறேன்."

பேட்டரியைப் போட்டு மாட்டிவிட்டு அவள் போனாள். தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கே அமுங்குகிறது? எது சுவர், எது நெஞ்சு என்று அந்தப் பாழாய்ப்போன காது பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தது.