பெரிய வார்த்தை

சந்தாபுராவில் அவர்கள் வீட்டுக்குக் கன்னடம் என்றால் அது ஸ்னேஹாதான். கேஸ்காரர் வந்தாலும் சரி, வீட்டு ஓனர் கோவிந்தப்பா படிக்கட்டில் நின்று தண்ணீர் மோட்டாரைப் பற்றி முணுமுணுத்தாலும் சரி, "ஸ்னேஹா, என்னா சொல்றாரு கேளு" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். ஆறாம் வகுப்புப் பெண் பெரிய மனுஷி மாதிரி வாசலில் நின்று பேசி அனுப்புவாள். பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா அதைக் கேட்டு மெச்சிக்கொள்வார். அந்த மெச்சலிலேயே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஜூனில் வந்து சேர்ந்தாள் சௌம்யா. அம்மாவும் வேலைக்குப் போனதால் ஆம்பூரில் பெரியம்மா வீட்டில் விட்டுவைத்திருந்த தங்கச்சி. அக்கா பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லை; அதுவே ஓர் அழகாம். அவள் வந்ததும் அப்பாவின் பக்கத்து இடம் போயிற்று, ஜன்னலோரப் படுக்கை போயிற்று. சிடுமூஞ்சி கோவிந்தப்பாகூட அவளுக்கு மட்டும் மிட்டாய் வாங்கி வந்தார். ஒரு வார்த்தை கன்னடம் தெரியாத குட்டிக்கு ஊரே உருகினால், தெரிந்தவளுக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது. போகட்டும், என் கன்னடத்தை யார் பிடுங்க முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதையும் பிடுங்கினார் கன்னட டீச்சர் வனஜா மிஸ். மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவ விழா மேடையில் பேச ஸ்னேஹா வருஷா வருஷம் கை தூக்குகிறாள். இந்த முறை மிஸ் கண்ணில் பட்டது சௌம்யாவின் பொக்கை வாய். குடும்பத்தைப் பற்றியும் மிஸ்ஸைப் பற்றியும் நாலு வரி, அக்காவே சொல்லிக்கொடுக்கட்டும் என்றுவிட்டார். வெந்த புண்ணில் வேல்தான்.

"தும்பா ஒள்ளெயவருன்னா என்னாக்கா?" என்று கேட்டாள் சௌம்யா, மனப்பாடம் பண்ண உட்கார்ந்தபோது.

"ரொம்ப நல்லவங்க. ஆனா அது சும்மா வார்த்தை. எல்லாரும் சொல்றது."

"பெரிய வார்த்தை எது?"

ஸ்னேஹாவின் வாயில் அது தானாக வந்து நின்றது. "கோத்தி. உலகத்துலயே ரொம்ப அழகுன்னு அர்த்தம். மிஸ்ஸ அப்படிச் சொல்லு, சொக்கிப் போயிடுவாங்க."

கோத்தி என்றால் குரங்கு. வீட்டில் வேறு யாருக்கும் கன்னடம் தெரியாது. சமையலறையில் அம்மா, "பெரியவ எவ்ளோ பொறுப்பா சொல்லித்தரா பாருங்க" என்றாள். அப்பா தலையாட்டினார்.

விழாவன்று ஃபேக்டரி லீவு. அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில், நடுவில் ஸ்னேஹா. மஞ்சள் பாவாடை, சிவப்புச் சட்டை, தலை நிறைய கனகாம்பரம் என்று வந்து நின்றாள் சௌம்யா. பார்த்ததுமே கூட்டம் உருகிவிட்டது. உருகட்டும், உருகட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஸ்னேஹா பல்லைக் கடித்தாள்.

பெயர் சொன்னாள். அம்மா, அப்பா சொன்னாள். அடுத்து மிஸ்.

"நம்ம மிஸ் தும்பா ஒள்ளெயவரு."

ஸ்னேஹா நிமிர்ந்தாள். மறந்துவிட்டாளா சனியன்? அதற்குள் சௌம்யா முன்வரிசையைத் தேடி, அவளைக் கண்டுபிடித்து, கையை நேராக நீட்டினாள்.

"நன்ன அக்கா தும்பா கோத்தி!"

பள்ளிக்கூடமே சிரித்தது. ஆறாம் வகுப்பு மொத்தமும் ஸ்னேஹாவையே பார்த்தது. வனஜா மிஸ் சிரித்துக்கொண்டே சௌம்யாவைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினார். இதற்கும் அவளுக்குத்தான் கைத்தட்டல். ஸ்னேஹாவுக்குக் காது இரண்டும் எரிந்தன.

மேடையிலிருந்து ஓடிவந்தவள் அக்காவின் மடியில் விழுந்தாள்.

"மிஸ்ஸுக்குத்தானே அந்த வார்த்தை?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டாள் ஸ்னேஹா.

"மிஸ்ஸுக்கு சும்மா வார்த்தை போதும்க்கா. பெரிய வார்த்தைய உனக்குன்னு வெச்சிக்கினேன்."

ஸ்னேஹாவுக்கு அழுகை முட்டியது. இவளைக் கிள்ளக்கூட முடியாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் அழுகை வந்தது. அப்புறம் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா எப்போதும்போல அவள் பக்கம் சாய்ந்தாள். "எல்லாரும் இப்படி சிரிக்கிறாங்களே. கோத்தின்னா என்னாடி?"

அத்தனை நாளும் யார் எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்பவள், இப்போது முதலில் தங்கச்சியின் காதுகளைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"குரங்கும்மா" என்றாள். "அவ சரியாத்தான் சொல்லியிருக்கா."