ரசீதின் ஷூ போட்டு நடந்தவள்

மேலப்பாளையத்தில் ரசீத் வீட்டுக்குப் போனால் எல்லாருடைய செருப்பும் வாசலில் கிடக்கும். ஒரு ஜோடி ஷூ மட்டும் நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். துபாயில் வேலை பார்த்தபோது ரசீத் தேடி அலைந்து வாங்கியது. குதிகால் உள்ளே அழுந்தினால் போதும், சின்ன மோட்டார் உறுமி, அடியில் நீல விளக்கு மின்னி, நாடா தானாக இறுகிக்கொள்ளும். பக்கத்திலுள்ள பொத்தானை அமுக்கினால் தளரும். காலில் போட்டால் மதிப்புப் போய்விடுமாம். அதனால் அவன் போட்டதே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் வெளியே எடுத்து, சார்ஜ் ஏற்றி, உள்ளே கையை விட்டு அழுத்தி இறுகுகிறதா என்று பார்ப்பான். பிறகு பெட்டியில் வைத்துவிடுவான்.

அவன் மனைவி ஃபஹ்மிதாவுக்கு எட்டாம் மாதம். சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீங்கிய காலைச் செருப்பெல்லாம் அறுத்தது. வார் மாட்டக் குனிய வயிறு விடவில்லை. ரசீத் கங்கைகொண்டான் கம்பெனியில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். ஒருநாள் அவள் பெட்டியைத் திறந்து, ஷூவைத் தரையில் போட்டு, காலை நுழைத்தாள். வீக்கத்துக்கு அளவு சரியாக இருந்தது. திரும்பி வந்ததும் பொத்தானைக் குடை நுனியால் குத்திக் கழற்றினாள்.

பிறகொரு நாள் கம்பெனியில் மெஷின் பழுதாகி எல்லாரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ரசீத் வீட்டுக்கு வந்தான். பெட்டி காலி. மனைவியும் வீட்டில் இல்லை என்பது அவன் மனதில் ஏறவில்லை. கள்ளன் வந்துவிட்டான் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

வழியில் வாய்க்கால் கரையில் பக்கத்து வீட்டுக் கோமுவோடு ஃபஹ்மிதா எதிரே வந்தாள். அவள் காலடியில் நீல விளக்கு மின்னியது.

"ஏட்டி, அது என் ஷூல்லா! கழட்டு!"

"குனிய முடியாது மச்சான். நீங்களே கழட்டுங்க."

அவன் அங்கேயே மண்டியிட்டான்.

"பையக் கழட்டுங்க தம்பி, பிள்ளத்தாச்சி காலு" என்றாள் கோமு.

பொத்தானை அமுக்கி உருவினான். பாதத்தில் பழைய செருப்பு அறுத்த தடம் இன்னும் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் தன் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, சகதி ஒட்டிய ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தான்.

டீக்கடை அப்பாத்துரை பார்த்துவிட்டார். "ஏன்வே, ஷூவுக்குக் கால் வலிக்கா? தூக்கிட்டுப் போறீரு?"

வீட்டில் பிரஷ்ஷால் அடிப்பாகத்தைத் தேய்த்தான். சகதி போனது, தேய்மானம் போகவில்லை.

"எத்தன நாளா?"

"மாசம் ஒண்ணாச்சு. தொடச்சுத்தான் வச்சேன்."

நாலு வெள்ளிக்கிழமை கையில் எடுத்துப் பார்த்தும் அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவளுக்கென்று மெத்தென்ற ஷூ ஒன்று வாங்கிவந்தான். சாதாரண ஷூ, நாடா வைத்தது. யார் கட்டுவது? கோமுவுக்கு மூட்டுவலி. ரசீத் கேட்டுக் கேட்டுக் காலை ஷிப்டுக்கு மாறினான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கட்டிவிட்டான். இறுக்கினால் ரத்தம் ஓடவில்லை என்றாள். தளர்த்தினால் நழுவுகிறது என்றாள். அவன் போட்ட முடிச்சு வாய்க்கால் பாலம் தாண்டுமுன் அவிழ்ந்துவிடும். அதனால் அவனும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று.

பாலத்து முனையில் டவுன் பஸ் ஆரன் அடிக்க, அவன் ரோட்டோரம் ஒரு முழங்காலைப் புழுதியில் ஊன்றி முடிச்சுப் போட்டான். ஃபஹ்மிதா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், இந்தக் காலும் அவுந்திட்டு."