ரூபி என்று எழுதிய கல்

ஹோதம் முதலில் காலணிகளைக் கழற்றி வாசலில் ஜோடி சேர்த்து வைத்தான். சலாம் சொன்னான். பிறகு உள்ளே ஏறி வந்து, தேநீர்க் கிண்ணத்தை எடுக்கக் குனிந்திருந்த என் அண்ணன் கிமத்தின் வாயில் குத்தினான்.

நான் மாலை ஆங்கில வகுப்புக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதத்தான் பார்க்கிறேன். ஆனால் குத்து முதலா, கிண்ணம் உடைந்தது முதலா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஹோதமோடு வந்த ஆள், சங்கின் என்பவன், கதவை உள்பக்கம் தாழிட்டது மட்டும் நிச்சயம். அவன் கையில் அண்ணனுடைய சுத்தியல் இருந்தது. சுரங்கத்திலிருந்து வந்ததும் அண்ணன் அதை வாசலில்தான் சாய்த்து வைப்பான்.

ஹோதம் சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, விரிப்பில் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தான். போன இலையுதிர் காலத்தில் அண்ணன் மலையிலிருந்து எடுத்துவந்து அவனிடம் விற்ற லால். மாதுளை முத்தின் சிவப்பு.

"திருப்பி அனுப்பிட்டான். இது ரூபி இல்லையாம். மெஷின்ல வெச்சுப் பாத்துட்டு, லண்டன்காரன் என்னைத் திருடன்னு சொல்றான். நெசக் கல்லு எங்கடா?"

"இதாண்ணே நான் குடுத்தது." அண்ணனின் உதட்டிலிருந்து ரத்தம் தாடிக்குள் இறங்கியது.

"அப்ப ரூபி எங்க போச்சு? ரெக்கை மொளச்சுப் பறந்துச்சா?"

எங்கள் பக்கத்தில் அந்த மலையின் சிவப்புக் கல் லால்தான். வேறு பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. லண்டனுக்கு விற்கும்போது ஹோதம் தன் போனில் ஆங்கிலப் பெயர் தேடி 'லால்' என்று தட்டினான், போன் 'ரூபி' என்றது, அதையே எழுதி அனுப்பினான். இங்கே யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். எனக்கே போன மாத வகுப்பில்தான் விஷயம் தெரியவந்தது. தெரிந்ததை இப்போது சொல்லவேண்டியிருந்தது. தெரிந்தது சரிதானா என்ற பயத்தோடு ஆரம்பித்தேன்.

"ஹோதம் அண்ணே, கல்லு மாறல. பேருதான் மாறியிருக்கு. அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க செவப்பாத் தெரிஞ்ச கல்ல எல்லாம் ரூபின்னுதான் சொன்னாங்க. நம்ம கல்ல பலஸ் ரூபின்னாங்க. பலஸ்ன்னா பதக்‌ஷான், நம்ம மண்ணு பேருதான். அப்புறம் சோதிச்சுப் பாத்துட்டு இது வேற ஜாதின்னு பிரிச்சுட்டாங்க. இப்ப இதுக்குப் பேரு ஸ்பினெல்."

"ஸ்பினெலா?" சங்கின் சிரித்தான். "வயித்துப்போக்கு மாத்திரை மாதிரி இருக்கே."

எனக்கும் வகுப்பில் அப்படித்தான் தோன்றியது. ஆசிரியை பரிவாஷ் பலகையில் வாக்கியங்கள் எழுதிக் காட்டினார். அந்த மொழியில் சிவந்த உதடு ரூபி, ஒயின் ரூபி, நாற்பதாவது திருமண நாள் ரூபி. ஸ்பினெல் என்று எந்த உதட்டையும் யாரும் சொல்வதில்லை.

ஹோதம் சிரிக்கவில்லை. "எவனோ ஒருத்தன் பேர மாத்துனா, என் தாத்தன் காலத்து லால் மட்டமாயிருமா?" என்றான். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அவன் சங்கின் பக்கம் திரும்பினான். "பாத்தியா சங்கின், இவ்ளோ வெவரமா பொய்யத் தயார் பண்ணி வெச்சிருக்காங்க. அப்ப நெசமாவே மாத்திட்டாங்க. டீச்சரம்மா பாடம் முடிஞ்சிருச்சு. கையப் புடி."

அண்ணனின் வலக் கையை இழுத்து அடுப்புக் கல்மேல் விரித்தான். துளையிடும் இயந்திரத்தைப் பிடிக்கும் கை. அதை வைத்துத்தான் நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம். "ஒவ்வொரு வெரலா கேப்பேன்" என்றான் ஹோதம். சங்கின் சுண்டுவிரலில் அடித்தான். ஈர விறகு முறிவதைப் போன்ற சத்தம். அண்ணன் துள்ளியதில் அவன் கால் கூடையில் பட்டு, ஒரு ரொட்டி தரையில் உருண்டது.

சங்கின் நின்றான். சுத்தியலைக் கீழே வைத்தான். ரொட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, சுவரின் மேல் தட்டில், அதன் முகப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தான். "மன்னிக்கணும்" என்று முணுமுணுத்தான். ரொட்டியிடமா, இறைவனிடமா, தெரியவில்லை. பிறகு சுத்தியலை எடுத்து அடுத்த விரலில் அடித்தான்.

அண்ணனின் அலறல் கூரைத் திறப்பு வழியாக வெளியே போனது. யாரும் வரவில்லை. "ஓதினாமோ, நீ போயிரு" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான். எங்கே போவது? நான் கூடையை எடுத்தேன். வாழ்நாளில் ஒரு துணுக்கைக்கூடத் தரையில் விட்டவள் இல்லை. மிச்சமிருந்த ரொட்டிகளைப் பிய்த்தேன். காய்ந்த ரொட்டிகள், நன்றாக நொறுங்கின. அடுப்பைச் சுற்றி, அவர்கள் கால்களைச் சுற்றி, கதவுவரை இறைத்தேன்.

"அடி பாவி!" என்றான் சங்கின். ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான், ரொட்டியை மிதிக்காமல் வைக்க இடமில்லாமல். சுத்தியலை நழுவவிட்டு மெதுவாக மண்டியிட்டான். பொறுக்கத் தொடங்கினான். ஹோதம் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. ஆனாலும் அண்ணனின் மணிக்கட்டை விட்டுவிட்டு அவனும் குனிந்தான். அண்ணன்கூட, நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடக் கையால் பொறுக்கினான். அவன் எடுத்த துண்டுகள் சிவந்தன. முத்தமிடும் சத்தம் மட்டும் கேட்டது.

சுத்தியல் என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். கைப்பிடி சூடாக இருந்தது. ஹோதமின் பிடரி எனக்கு நேர் கீழே, சவரம் செய்த இடம் வெளுப்பாக. அவன் விரல்கள் விரிப்பின்மேல் ஊர்ந்து கல்லுக்குப் போயின. கல்லைத் தொடாமல், அதை ஒட்டிக் கிடந்த துணுக்கை நகத்தால் நெம்பி எடுத்து, உதட்டில் வைத்துக் கண்ணை மூடினான்.