வராந்தாவுக்கு வந்த மேசை

இந்தியாவில் உள்ள எந்தப் பள்ளிக்கூடத்தையும் ஐந்து நிமிடத்தில் சீர்திருத்தும் ஆற்றல் எனக்கு இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

பி.எஸ்ஸி. இயற்பியலில் இரண்டாம் வகுப்பில் தேறிய கையோடு ராஜபாளையத்தில் ஒரு கமிட்டிப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். எண்பத்தொன்பதாம் வருஷம். சேர்ந்த வாரமே அந்தப் பள்ளியின் குறைகளையெல்லாம் கண்டுபிடித்துவிட்டேன். அவற்றில் முதலாவது, தலைமையாசிரியை.

பரிபூரணம் டீச்சர் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். குட்டையான உருவம், தணிந்த குரல். அவர் பேசி முடித்த பிறகும் கேட்பவன் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று நின்றுகொண்டிருப்பான். ஒன்றும் வராது. இப்படிப்பட்ட ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்தை எப்படிக் கட்டி மேய்ப்பார்? நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் இருக்க வேண்டும். என் வயது இருபத்திரண்டு என்பது ஒரு சிறிய தடை, அவ்வளவுதான்.

தற்காலிக ஆசிரியர் என்றால் பாடமும் நடத்த வேண்டும், ஆபீஸ் எழுத்து வேலையும் பார்க்க வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ஒரு பிற்பகல், டீச்சரின் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சீனியம்மாள் என்கிற பெண் உள்ளே வந்தாள். மில்லில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள்; தலைமுடியில் பஞ்சு. அவளுக்குப் பின்னால் அவள் மகள் சண்முகத்தாய், பத்தாம் வகுப்பு.

"டீச்சர், பிள்ளைக்கு டி.சி. வேணும்."

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான இருக்கு. இப்ப எதுக்கு?"

"படிச்சது போதும் டீச்சர். சேத்தூர்ல எங்க அண்ணன் மகன் இருக்கான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாகள்ல, சேந்துட்டான். போறதுக்குள்ள பேசி முடிச்சிரலாம்னு பாக்கேன்."

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சோலைராஜ், நீங்க செத்த நேரம் வெளிய இருங்க" என்றார்.

வெளியேதான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே. அந்த ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது என்பதும் நான் முதல் வாரத்தில் கண்டுபிடித்த குறைகளில் ஒன்று.

டீச்சர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. கடைசியில் சண்முகத்தாயின் குரல் மட்டும் வந்தது.

"கதவை மட்டும் சாத்த வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர்."

எந்தக் கதவு என்று எனக்கு உடனே தெரிந்தது. கணக்கு வாத்தியார் சௌந்தரபாண்டியன் மாலையில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பார். ஊரில் அவருக்கு 'சென்டம் சார்' என்று பெயர். நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைகளுடன் அவர் நிற்கும் போட்டோவை வருஷா வருஷம் கமிட்டி நோட்டீஸ் போட்டு ஒட்டும். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு பெண்ணை மட்டும் தப்புத் திருத்த நிறுத்திக்கொள்வார். கதவைச் சாத்திக்கொள்வார். எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்டம் அப்படித்தான் தயாராகிறது போலும் என்று எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

"தப்புப் பண்ணுனது ஒருத்தன், டி.சி. வாங்கிட்டுப் போறது இன்னொருத்தியா?" என்றார் டீச்சர். "நான் எழுதித் தர மாட்டேன்."

"நீங்க படிச்சவுக, பேசுவீக. பிள்ளை பேரு கெட்டுச்சுன்னா நாளைக்கு யாரு வந்து கட்டுவா? நாங்க மானத்துக்குப் பயந்து பொழைக்கிறவுக."

"பேரு வெளிய வராது. பிள்ளைய நாளைக்கு அனுப்பு. அவ இருக்கற எடத்துல என் கண்ணு இருக்கும்."

சீனியம்மாள் யோசித்தாள். "அனுப்புதேன். ஆனா ஒண்ணு. என்னைக்கு உங்க கண்ணு அங்க இல்லையோ, அன்னைக்கோட அவ படிப்பு முடிஞ்சிரும். அண்ணன்கிட்ட வெத்தல பாக்கு மாத்திருவேன்."

பெண்பிள்ளைக்கு ஒரு சங்கடம் என்றால் எங்கள் பக்கத்தில் இதுதான் தீர்வு. பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். சங்கடம் பள்ளிக்கூடத்திலேயே இருந்து அடுத்த வருஷமும் பாடம் நடத்தும்.

அவர்கள் போனதும் உள்ளே நுழைந்து என் ஐந்து நிமிடத் திட்டத்தை வைத்தேன்.

"டீச்சர், நீங்க 'ம்' மட்டும் சொல்லுங்க. அந்தாளு சட்டையப் பிடிச்சு..."

நான் ஜன்னலோரம் நின்றதைப் பற்றி அவர் கேட்கவில்லை. "பிடிச்சு?" என்றார்.

"பிடிச்சு... கேப்பேன்."

"இல்லவே இல்லைம்பாரு. பொறவு?"

"பொறவு..."

திட்டம் முதல் நிமிடத்துக்குத்தான் தயாராக இருந்தது.

"பொறவு ஊரு அவரை விட்டுரும். எந்தப் பிள்ளை, எந்தப் பிள்ளைன்னு கெளம்பிரும். அவ வீட்டு வாசல்ல போய் நிக்கும்." எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "அவ பேரு உங்க வாயில வந்துச்சுன்னா உங்களுக்குத்தான் மொதல்ல டி.சி. எழுதுவேன்."

அன்று மாலையே சௌந்தரபாண்டியனைக் கூப்பிட்டு, இனிமேல் வகுப்புக் கதவு திறந்திருக்க வேண்டும், எந்தப் பிள்ளையையும் தனியாக நிறுத்தக் கூடாது என்று சொன்னார். அவர் சிரித்தார். "கதவத் தெறந்து வச்சா கணக்கு வெளிய ஓடிரும் டீச்சர்" என்றார். ஸ்டாப் ரூமில் வந்து அதையே இன்னொரு தடவை சொல்லி எங்களையும் சிரிக்க வைத்தார்.

மறுநாள் காலை டீச்சரின் மேசை அவர் அறையில் இல்லை. பத்தாம் வகுப்பு வாசலுக்கு நேர் எதிரே, வராந்தாவில் கிடந்தது. அதன் பின்னால் அவர் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதுதானா? ஒரு அயோக்கியனுக்கு எதிராக ஒரு தலைமையாசிரியை எடுக்கும் நடவடிக்கை, நான்கு கால் உள்ள ஒரு மேசையை நகர்த்துவதா? விஷயத்தைச் சொல்ல முடியாது, மேசையைச் சொல்லலாமே. சொன்னேன்.

"டீச்சர் நடைபாதையில கடை போட்டுட்டாங்க" என்றேன் ஸ்டாப் ரூமில். "முனிசிபாலிட்டிக்காரன் வந்து தூக்கப் போறான்."

நல்ல வரவேற்பு. அந்த உற்சாகத்தில், அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வகுப்பறையை எட்டிப் பார்ப்பதை நடித்துக் காட்டினேன். சௌந்தரபாண்டியனே முதுகில் தட்டினார்.

"ஏலே, நீ சினிமாவுக்குப் போக வேண்டிய ஆளு."

ஐந்து நிமிடத்தில் அவர் சட்டையைப் பிடிக்க இருந்தவன் அப்போது, "தேங்க்ஸ் சார்" என்றேன்.

பியூன் பேச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, அம்மா வெயில்ல வேகுது. மத்தியானத்துக்கு மேல மேற்க இருந்து நேரா மூஞ்சியில அடிக்கி. நீங்க சாக்குப் படுதா கட்டக் கூட மாட வாரீகளா?"

"கடைக்குப் பந்தல் போடுறது கடைக்காரங்க வேல அண்ணே."

அவரே தனியாகக் கட்டினார்.

டீச்சர் நகரவில்லை. கல்வி அதிகாரி ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலும் வராந்தாவில்தான். பெற்றோர் வந்தாலும் வராந்தாவில்தான். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசிப் பெண் படியிறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும் வரை உட்கார்ந்திருப்பார். பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குப் போவார். சண்முகத்தாய் ஒவ்வொரு நாளும் வராந்தா முனையில் ஒரு கணம் நின்று மேசைப் பக்கம் பார்ப்பாள். அப்புறம்தான் உள்ளே போவாள். சில நாளில் வேறு இரண்டு பெண்களும் அப்படிப் பார்ப்பதைக் கவனித்தேன். அது பற்றி நான் நகைச்சுவை எதுவும் தயாரிக்கவில்லை.

இதற்கிடையில் டீச்சர் கமிட்டிக்கு எழுத்தில் ஒரு புகாரும் கொடுத்திருந்தார். அதற்குப் பதில் சொல்ல, கமிட்டிச் செயலாளர் ஐயாதுரை ஒருநாள் காரில் வந்து இறங்கினார். ஜின்னிங் பேக்டரி முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை அம்பாசடர். வராந்தாவில் மேசையைப் பார்த்ததும் உட்காரலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை, நின்றுகொண்டே பேசினார். எதிர் வகுப்பில் நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அழிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும் கரும்பலகை அது.

"டீச்சரம்மா, உங்க மனசு நோகாம முடிச்சுட்டோம். வெள்ளிக்கிழமை சாருக்கு ஒரு பிரிவு உபசார விழா. சால்வை போத்துதோம். திங்கக்கிழமையில இருந்து அவிய நம்ம கான்சாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவாக."

எங்கள் கமிட்டியின் முறையே அதுதான். யார் மீது புகார் வந்தாலும் ஒரு சால்வையைப் போர்த்தி, 'தன்னலமற்ற சேவை' என்று பேசி, கேசரி கொடுத்து, கமிட்டியின் அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறேழு வருஷ சர்வீஸில் பீரோ நிறையச் சால்வை வைத்திருந்தால் ஆசாமி விவகாரமானவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

"அங்க ஹாஸ்டலும் உண்டுல்ல?" என்றார் டீச்சர்.

"ஆமா."

"அங்க இருக்கறதுக பிள்ளைக இல்லையா?"

"அம்மா, நம்ம பள்ளிக்கூடம் பேரு..."

"இவரு இங்க வரும்போதும் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து சால்வையோடதான் வந்தாரு. நானே மாலை போட்டு வரவேற்றேன். எனக்கு அப்பத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

செயலாளர் காரைப் பார்த்தார். கார் அங்கேயேதான் நின்றது.

"விழாவுக்கு நான் வர மாட்டேன். நன்னடத்தைச் சான்றுல கையெழுத்தும் போட மாட்டேன். நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்வி அதிகாரியப் பாத்து எழுதிக் குடுக்கப் போறேன். மூணு பிள்ளைக எங்கிட்டப் பேசியிருக்குதுக. விசாரணைன்னு வந்தா அதுக கூட நான் உக்காருவேன்."

"உங்க வேலையையும் யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டுத்தான் மேசையப் போட்டேன்."

மறுநாள் டீச்சர் வரவில்லை. சொன்னபடி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்கிவிட்டார். பிற்பகலில் செயலாளரின் ஆட்கள் இருவர் வந்து மேசையைத் தூக்கி அவர் அறையில் போட்டார்கள். நாற்காலியை அதன் மேல் கவிழ்த்து வைத்துப் பூட்டினார்கள். பேச்சிமுத்து கட்டிய படுதா மட்டும் வராந்தாவில் ஆடிக்கொண்டிருந்தது. சௌந்தரபாண்டியன் ஸ்டாப் ரூமுக்கு வந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் கொஞ்சம் கூட நேரம் ஓடும்" என்று பொதுவாக அறிவித்துவிட்டுப் போனார்.

கடைசி மணி அடிக்கும் சமயம் ஸ்டாப் ரூமில் போன் ஒலித்தது. பேச்சிமுத்து எடுத்தார்.

"அம்மா... ஆமாம்மா... அப்படியா?" எங்கள் பக்கம் திரும்பி, ரிசீவரை உள்ளங்கையால் மூடினார். "அதிகாரி வெளியூர் கேம்ப்புக்குப் போயிருக்காகளாம். அவிய திரும்புத வரைக்கும் ஆபீஸ் வாசல்லயே இருப்பேங்காக. வராந்தாவுல யாரு இருக்கான்னு கேக்காக."

தமிழாசிரியர் குடையைத் தேடினார். குடை அவர் கையிலேயே இருந்தது. டிரில் மாஸ்டர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஜன்னல் வழியாக எனக்கு வராந்தா முனை தெரிந்தது. சண்முகத்தாய் அங்கே பையை மார்போடு அணைத்தபடி நின்று, மேசை கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு படி கீழே இறங்கினாள்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனேன். பேச்சிமுத்து போனில் என்ன பதில் சொன்னார் என்று கேட்க நிற்கவில்லை.

மேசை இருந்த இடத்தில் போட்டால் போதாது என்று தோன்றியது. பத்தாம் வகுப்பு நிலைப்படி மேலேயே, பாதி உள்ளே பாதி வெளியே போட்டு உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். கண் கரும்பலகைப் பக்கமே இருந்ததால் முதல் தாளில் ஒரு பையனுக்குத் தகுதிக்கு மீறி மதிப்பெண் விழுந்தது.

சௌந்தரபாண்டியன் சாக்பீஸோடு திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நீயும் கடை போட்டாச்சா?"

இந்தத் தருணத்துக்காக என்னிடம் ஐந்து நிமிடப் பேச்சு ஒன்று மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ஆமா சார்" என்று வந்தது.

"சரி சரி, தள்ளிப் போடு. கதவச் சாத்தணும். வெளிச் சத்தம் கேக்கி."

"சாத்த முடியாது சார். நாற்காலி கெடக்கு."

"அதான் தள்ளிப் போடுங்கேன்."

"இங்கதான் சார் வெளிச்சம் வருது."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கிட்டத்தில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், "டெம்பரரிதான நீ? செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை போதும் எனக்கு" என்றார்.

"சொல்லுங்க சார்" என்றேன். எழுந்திருக்கவில்லை. அடுத்த தாளை எடுத்தேன்.

படியில் செருப்புச் சத்தம். சண்முகத்தாய் வாசல் வரை வந்து நின்றாள். கால்களை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் ஒடுங்கி என்னைக் கடந்து உள்ளே போய், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

வெயில் நேரே முகத்தில் அடித்தது. பேச்சிமுத்து சொன்னது சரிதான், மேற்கிலிருந்துதான் வருகிறது. படுதாவில் இன்னும் ஒரு முழம் சாக்கு சேர்த்துத் தைக்க வேண்டும்.

வகுப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்தது. கடைசிப் பெண் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பிய பிறகு எழுந்தேன். பேச்சிமுத்து பூட்டும் சாவியுமாக வந்து, "நாற்காலிய உள்ள போட்டுரட்டா தம்பி?" என்றார்.

"கெடக்கட்டும் அண்ணே" என்றேன். "அதிகாரி நாளைக்கும் கேம்ப்ல இருந்தாலும் இருப்பாரு. கோணி ஊசி இருந்தாக் குடுங்க."